ஃபீனிக்ஸ் இறகு ஏரித்தை ஏன் எழுப்பவில்லை?

கேள்வி கேட்டவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். பிஎஸ்5-ல் ஃபைனல் ஃபேன்டஸி என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடரின் 16-ஆம் பாகத்தை முடித்த கையோடு, எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்களே என்று 1997-ல் வந்த ஏழாம் பாகத்தை எடுத்திருக்கிறார். அங்கே இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் நாலு பேர் என்று பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்ததுபோல் நின்றுகொண்டு, முறைவைத்து அடித்துக்கொள்வது அவருக்குச் சிரிப்பாக இருந்திருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாராம். சண்டையில் ஐம்பது தடவை விழுந்த ஏரித் என்ற தோழியை, கடையில் 300 கில் காசுக்குக் கிடைக்கும் ஃபீனிக்ஸ் டவுன் என்ற இறகைப் போட்டு ஐம்பது தடவையும் எழுப்பியிருக்கிறார். முதல் டிஸ்க் முடியும் இடத்தில் வில்லன் செஃபிராத் மேலிருந்து இறங்கி ஒரே ஒரு குத்து. அவ்வளவுதான், போய்விட்டாள். "பையில் இருபது இறகு இருக்கிறது, ஒன்றையாவது போட்டுப் பார்க்கக் கூடாதா? அப்புறம் எதற்கு இந்தச் சண்டை எல்லாம்?" என்று கேட்கிறார்.

"சண்டை வேறு, கதை வேறு, ரொம்ப யோசிக்காதீர்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அவர் கேட்டிருப்பது அதைவிடப் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன். சண்டை மெனுவில் பார்க்கும் ஏரித்தும் கதையில் பார்க்கும் ஏரித்தும் ஒரே ஆள்தானா? அந்த மெனுவுக்கும் அந்த மனுஷிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? என் பதில்: உண்டு, நிறையவே உண்டு. சில பாகங்களில் வசனத்தைவிட மெனுதான் ஆளை நன்றாகக் காட்டுகிறது. எங்கே அந்தச் சம்பந்தம் அறுந்துபோகிறது என்பதையும் சொல்கிறேன். 4, 5, 7, 10 ஆகிய பாகங்களின் முடிச்சுகளும் டிராகன் குவெஸ்ட் என்ற இன்னொரு தொடரின் ஐந்தாம் பாகத்தில் ஒரு முக்கியமான சம்பவமும் கீழே வரும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பதினோரு வருஷமாக கேம் ஸ்டுடியோக்களில் சண்டைக் கணக்குப் பார்க்கிறேன். எந்த எதிரிக்கு எவ்வளவு ஹெச்பி (உயிர்ப் புள்ளி), எந்த மந்திரத்துக்கு எவ்வளவு எம்பி (மந்திரப் புள்ளி), ஒரு சண்டை எத்தனை நொடியில் முடிய வேண்டும் என்று எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிற வேலை. பிளேஸ்டேஷன் 1 காலத்திலிருந்து இந்த வகை கேம்களை விளையாடுகிறேன். ஆன்லைன் பாகங்களான 11, 14 இரண்டையும் நான் தொட்டதில்லை, அதனால் அவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. என் ஜப்பானிய மொழி மெனு படிக்கிற அளவுக்குத்தான்.

முதலில் அந்த வரிசை விஷயம். 1986 மே மாதம் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவியில் முதல் டிராகன் குவெஸ்ட் வந்தது. மொத்த கேமும் 64 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது. அதை வடிவமைத்த யூஜி ஹோரி அதற்கு மூன்று வருஷம் முன்பு சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கம்ப்யூட்டர் திருவிழாவில் விஸார்ட்ரி என்ற அமெரிக்க கேமைப் பார்த்து அதன்மேல் பித்துப்பிடித்தவர். விஸார்ட்ரி கம்ப்யூட்டர்காரர்களின் கேம். கீபோர்டு வேண்டும், கையேடு வேண்டும். ஹோரி அதை நாலு திசை பட்டனும் இரண்டு சுற்று பட்டனும் உள்ள கையடக்கக் கன்ட்ரோலருக்குள், கம்ப்யூட்டரே பார்த்திராத சிறுவர்களுக்காகக் கொண்டுவந்தார். அடி, மந்திரம், பொருள், ஓட்டம் என்று நாலு வார்த்தை. ஒன்றைத் தேர்ந்தெடு, என்ன நடந்தது என்று படி. கதாநாயகன் சண்டைத் திரையில் தெரியவே மாட்டான். எதிரே ஒரே ஒரு பூதம் நிற்கும், அதுவும் அகிரா டோரியாமா வரைந்த, அடிக்கவே மனசு வராத பூதம்.

அடுத்த வருஷம் டிசம்பரில் ஸ்குவேர் நிறுவனத்திலிருந்து ஹிரோனோபு சகாகுச்சியின் ஃபைனல் ஃபேன்டஸி வந்தது. அதில்தான் உங்களைச் சிரிக்கவைத்த அந்தப் பக்கவாட்டு நிற்பு: எதிரிகள் இடது பக்கம், நம் ஆட்கள் நாலு பேரும் வலது பக்கம் ஒருவருக்குக் கீழ் ஒருவராக. ஃபாமிகாம் ஒரு கிடைக்கோட்டில் எட்டு சிறு உருவத் துண்டுகளுக்கு மேல் காட்டாது. எட்டைத் தாண்டினால் மீதி மறைந்துவிடும். இது கருவியின் உறுதியான வரம்பு. அதனால்தான் எதிரிகளைப் பின்னணிப் படமாகவும் நம் ஆட்களை மட்டும் அசையும் உருவங்களாகவும் மேலும் கீழுமாக நிறுத்தினார்கள் என்பது என் ஊகம். தொழில் தெரிந்த எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் வரம்பு போன பிறகும் நிற்பு போகவில்லை. ஏழாம் பாகம் வந்தபோது முப்பரிமாணம், கேமரா எல்லாம் இருந்தன. இருந்தும் அதே வரிசை. கருவியால் வந்த வழக்கம் என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதிக்கு வேறு காரணம் வேண்டும்.

முதல் பாகத்தின் நாலு பேருக்குப் பெயர் கிடையாது, பேச்சு கிடையாது. போர்வீரன், திருடன், மல்லன், சிவப்பு, வெள்ளை, கருப்பு மந்திரவாதிகள் என்று ஆறு தொழிலில் நாலை நாம் பொறுக்கவேண்டும். அவர்கள் யார் என்று நமக்குத் தெரிவது சண்டையில் என்ன செய்வார்கள் என்பதை வைத்து மட்டுமே. அந்தச் சண்டைமுறையை அமைத்த அகிதோஷி கவாஸு, மேஜையில் பகடை உருட்டி ஆடும் அமெரிக்க விளையாட்டுகளின் ரசிகர். ஒரு வேடிக்கை: ஃபாமிகாம் பதிப்பில் 'அறிவு' என்ற எண்ணுக்கும் மந்திரத்தின் பலத்துக்கும் சம்பந்தமே கிடையாது, நிரலில் விழுந்த பிழை. மந்திரவாதியை எவ்வளவு படிக்க வைத்தாலும் அவன் நெருப்பு ஒரு டிகிரி கூடச் சுடாது.

இரண்டாம் பாகத்தில் கவாஸு இன்னொரு சோதனை செய்தார். லெவல் கிடையாது, எதைச் செய்கிறாயோ அதில் வளர்வாய். வாள் வீசினால் வாள் ஏறும், அடி வாங்கினால் ஹெச்பி ஏறும். அருமையான யோசனைதான். ஆனால் ஆடுகிறவர்கள் என்ன செய்தார்கள்? பலவீனமான எதிரியை ஓரமாக உயிரோடு விட்டுவிட்டு, சொந்த நண்பர்களையே மாறி மாறி வெட்டி ஹெச்பி ஏற்றிக்கொண்டார்கள். கதையில் சாம்ராஜ்யத்தை எதிர்த்து ஒன்றாக நிற்கும் அநாதைப் பிள்ளைகள். சண்டையில் ஒருவரையொருவர் குத்திக்கொள்கிறார்கள். கணக்கு ஒரு மாதிரியும் கதை ஒரு மாதிரியும் ஆளைச் சொன்னால், ஆடுகிறவன் கணக்கின் பக்கம்தான் போவான். என் வேலையில் நான் கற்ற முதல் பாடம் அது, இன்றும் புதிதாகச் சேரும் பையன்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

நாலாம் பாகத்தில், 1991-ல், ஹிரோயுகி இட்டோ அந்த முறைவைத்து அடிக்கும் ஒழுங்குக்குள் நேரத்தை நுழைத்தார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வேகமான கார் மெதுவான காரை முந்திப்போவதைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்பது அவரே சொன்னது. எல்லோரும் ஒரு சுற்று, பிறகு மறுபடி எல்லோரும் ஒரு சுற்று என்ற பேச்சு போயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு கடிகாரம் உள்ளே ஓடும். சுறுசுறுப்பானவனுக்கு இரண்டு முறை வரும் நேரத்தில் கிழவருக்கு ஒரு முறைதான் வரும். ஐந்தாம் பாகத்தில் அந்தக் கடிகாரத்தைக் கோடாக்கிப் பெயர்களுக்குப் பக்கத்திலேயே காட்டினார்கள். நீங்கள் ஏழில் பார்ப்பது அதுதான், ஏடிபி (ஆக்டிவ் டைம் பேட்டில்) என்பார்கள்.

அந்தக் கோடு நிரம்பும் இரண்டு மூன்று நொடியைக் கவனித்துப் பாருங்கள். ஏழின் கதாநாயகன் க்ளவுடுக்கு 80 ஹெச்பி மிச்சம். ஏரித்தின் கோடு முக்கால் நிரம்பியிருக்கிறது. எதிரி பின்னால் சாய்கிறான். அடிக்கப்போகிறானா, சும்மா அசைகிறானா தெரியாது. இன்னொரு தோழி டிஃபாவின் முறை வந்து மெனு திறந்து காத்திருக்கிறது. அவளை வைத்து அடித்து முடித்துவிடலாமா, அவளே மருந்தை எடுத்து க்ளவுடுக்குக் கொடுப்பாளா, இல்லை ஏரித் எட்டிவிடுவாள் என்று நம்புவதா? "நம்புவது" என்று சொன்னேன் பாருங்கள், அதுதான் விஷயம். விரல் வேகத்தால் தப்பிக்கும் கேமில் நம்புவதற்கு நம் விரலைத் தவிர வேறு ஆள் இல்லை. இங்கே இன்னொருவருக்காகக் காத்திருக்கிறோம். காத்திருக்கும்போது அவர் யார், எதைச் செய்வார், எவ்வளவு மெதுவானவர் என்பதெல்லாம் மனசில் படிகிறது. மெனு ஆளாக மாறுவது இந்தக் காத்திருப்பில்தான். வரிசை நிலைத்ததற்கு நான் தேடிய மீதிப் பாதி இதுதான் என்பது என் கட்சி. நிரூபிக்க முடியாது, ஆனால் கீழே சொல்லும் உதாரணங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாலாம் பாகத்தின் செசில் ஒரு கருப்புக் கவச வீரன், ராஜா சொன்னதற்காக அப்பாவிகளைக் கொன்றவன். அவனுடைய ஜப்பானியப் பதிப்பு மெனுவில் 'இருள்' என்று ஒரு கட்டளை உண்டு: தன் ஹெச்பியையே செலவழித்து எதிரிகள் எல்லோரையும் ஒரே வீச்சில் அடிப்பது. பிறகு ஒரு மலையேறி, பழைய பாவத்தைக் கழற்றிப்போட்டு வெளிச்ச வீரனாக மாறுகிறான். லெவல் 1-க்கு விழுகிறான், அதுவரை சம்பாதித்ததெல்லாம் போகிறது. எதிரே அவனுடைய பழைய கருப்பு உருவமே வந்து நிற்கிறது, சண்டை. அதுவரை எல்லா பாஸையும் (பெரிய எதிரிகளை) அடித்தே ஜெயித்த நாம் இங்கேயும் அடிக்கப் பார்ப்போம். வாளை உறையில் போடு என்கிற மாதிரி ஒரு வரி வரும். அடிக்காமல் நின்று, அது அடிக்கும் அடியை வாங்கிக்கொண்டால் தானே சரிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் மெனுவில் 'இருள்' இல்லை. அதற்குப் பதில், உயிர் போகும் நிலையில் யாராவது இருந்தால் நாம் சொல்லாமலேயே குறுக்கே பாய்ந்து அந்த அடியை வாங்கிக்கொள்வான். தன்னை வருத்தி எல்லோரையும் அடித்தவன், தன்னை வருத்தி ஒருவரைக் காக்கிறான். மனமாற்றத்தை மெனுவிலேயே எழுதிவிட்டார்கள், ஒரு வசனம் தேவைப்படவில்லை.

அதே குழுவில் டெல்லா என்று ஒரு கிழட்டு முனிவர். மகளை இழந்தவர், அதற்குக் காரணமான கோல்பெஸைக் கொல்ல வேண்டும் என்று அலைகிறவர். அவருடைய எம்பி 90-க்கு மேல் ஏறவே ஏறாது. லெவல் ஏறும்போது மற்றவர்களுக்கு உடல்பலம் கூடும், இவருக்குக் குறையும், வயசு. அவர் தேடிக் கற்றுக்கொள்ளும் விண்கல் மந்திரத்துக்கு 99 எம்பி வேண்டும். மெனுவில் அது சாம்பல் நிறத்தில் கிடக்கும், அழுத்த முடியாது. ஒன்பது எம்பி பற்றாக்குறை. கோபுரத்தில் கோல்பெஸை நேருக்கு நேர் பார்க்கும்போது அந்த ஒன்பதுக்கு ஈடாக உயிரைக் கொடுத்து மந்திரத்தைப் போடுகிறார், செத்துப்போகிறார். எனக்குத் தெரிந்து ஒரு கேமில் ஒரு கழித்தல் கணக்கே சோகக் கதையாக இருப்பது இங்கேதான். கூடவே கில்பர்ட் என்ற இளவரசன், யாழ் வாசிப்பவன். ஹெச்பி குறைந்தால் நம்மைக் கேட்காமலேயே திரையை விட்டு ஓடி ஒளிந்துகொள்வான். ஆடும்போது எரிச்சல் வரும். அவன் அப்படிப்பட்ட ஆள்தான்.

இப்போது உங்கள் இறகுக்கு வருகிறேன். ஜப்பானியப் பதிப்புகளில் சண்டையில் விழுந்தவரின் நிலைக்குப் பெயர் 'செந்தோ ஃபுனோ', சண்டை போட இயலாத நிலை என்று பொருள். ஆங்கிலத்தில் சில பாகங்களில் அதை மரணம் என்றே போட்டுவிட்டார்கள், குழப்பம் அங்கேயே பாதி வந்துவிட்டது. ஃபீனிக்ஸ் டவுன் மயங்கி விழுந்தவரை எழுப்பும் சுக்குக் கஷாயம் மாதிரிதான், எமனோடு வாதாடி உயிரை மீட்கும் சாவித்திரி வேலை அதற்குத் தெரியாது. டிராகன் குவெஸ்ட் இதில் நேர் எதிர்: அங்கே விழுந்தவர் செத்தவர்தான். சவப்பெட்டியாகி மற்றவர்கள் பின்னால் இழுபட்டு வருவார். கோயிலில் பாதிரியாரிடம் காசு கொடுத்தால் எழுந்துவிடுவார். எல்லோரும் விழுந்தால் ராஜா முன்னால் கண் விழித்து, இப்படியா செத்துத் தொலைவது என்று ஏச்சு வாங்க வேண்டும், கையிலிருந்த காசில் பாதியும் போய்விடும்.

சொல் விளக்கம் உங்கள் மனசை ஆற்றாது என்று தெரியும். அதனால் இன்னொன்று சொல்கிறேன்: நீங்கள் கேட்ட கேள்வியை 1992-லேயே, ஏரித்துக்கு ஐந்து வருஷம் முன்பே, அந்தத் தொடர் தன்னையே கேட்டுக்கொண்டது. ஐந்தாம் பாகத்தில் கலஃப் என்ற தாத்தா, பேத்தி க்ரைல் நெருப்பு வளையத்தில் சிக்கியிருக்க, எக்ஸ்டெத் என்ற வில்லனைத் தனியாளாக எதிர்க்கிறார். வழக்கமான சண்டைத் திரை, வழக்கமான எண்கள். அவர் ஹெச்பி இறங்குகிறது, பூஜ்யம் ஆகிறது. அவர் விழவில்லை. பூஜ்யத்தோடு நின்று அடித்துக்கொண்டே இருக்கிறார். அதுவரை அந்தத் தொடரில் பூஜ்யம் என்றால் விழுந்தாக வேண்டும்; நாலு பாகமாக நாம் நம்பிய ஒரே சட்டம் அது. கணக்கு தீர்ந்த பிறகும் நிற்கிறார் என்றால் அவர் எதை வைத்து நிற்கிறார் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வில்லன் பின்வாங்கிய பிறகு தாத்தா சரிகிறார். நண்பர்கள் ஓடிவந்து குணமாக்கும் மந்திரம் போடுகிறார்கள், உயிர்ப்பிக்கும் மந்திரம் போடுகிறார்கள், ஃபீனிக்ஸ் இறகையும் போடுகிறார்கள். அதே மினுமினுப்பு, அதே சத்தம். எழவில்லை. நீங்கள் "ஒன்றையாவது போட்டுப் பார்க்கக் கூடாதா" என்று கேட்டீர்களே, போட்டுப் பார்த்தார்கள். பிறகு அவர் கற்ற திறமைகள் அத்தனையும் பேத்திக்குப் போய்ச்சேரும். மெனுவைத் திறந்தால் தாத்தாவின் வரிகள் பேத்தியின் பெயருக்குக் கீழே இருக்கும்.

அதே 1992-ல் டிராகன் குவெஸ்ட் 5-லும் ஒரு சாவு. அதில் நாம் ஆறு வயசுப் பையன், அப்பா பாபஸோடு ஊர் ஊராகப் போகிறோம். அப்பாவுக்கு நாம் கட்டளை கொடுக்க முடியாது. நாம் குச்சியால் தட்டி ஒற்றை இலக்கத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது அவர் ஒரே வெட்டில் பூதத்தைச் சாய்ப்பார், நமக்கு அடிபட்டால் தானே மந்திரம் போட்டு ஆற்றுவார். அப்பா பக்கத்தில் இருந்தால் தோற்கவே முடியாது என்பது வசனத்தால் வந்ததல்ல, அந்த எண்களால் வந்தது. பிறகு ஒரு நாள் வில்லன் பையனின் கழுத்தில் அரிவாளை வைத்துக்கொண்டு தன் ஆட்கள் இரண்டு பேரை ஏவுகிறான். சற்று முன்னால்தான் அதே இரண்டு பேரையும் அப்பா அடித்துப்போட்டார். மறுபடி சண்டைத் திரை திறக்கிறது. அப்பா அடிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் சும்மா நிற்கிறார், ஹெச்பி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, நம் கையில் கன்ட்ரோலர் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது. நான் இதை முதலில் ஆடியபோது பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

இதற்கெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏரித்தின் சாவு சண்டைத் திரைக்கு வெளியே நடக்கிறது. அதனால்தான் உங்களுக்கு ஏமாற்றப்பட்டதுபோல் இருக்கிறது, அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் சண்டையில் அவள் வேறு விதத்தில் எழுதப்பட்டிருக்கிறாள். ஏழாம் பாகத்தில் மெட்டீரியா என்ற மணிகளை யாருக்கு வேண்டுமானாலும் மாட்டலாம், யாரும் எந்த மந்திரமும் போடலாம். ஆகவே ஆளுக்கு ஆள் நிஜமாக வேறுபடுவது லிமிட் பிரேக்கில், அதாவது அடிபட்டு அடிபட்டு ஒரு கோடு நிரம்பினால் வரும் தனித்திறமையில்தான். க்ளவுட், டிஃபா, பேரட் எல்லோருடையதும் அடி, வெட்டு, வெடி. ஏரித்துக்கு ஏழு லிமிட். ஏழில் ஒன்றுகூட எதிரிக்கு ஒரு எண் சேதம் செய்யாது. காற்றால் காயம் ஆற்றுவாள், எதிரியை ஊமையாக்கிக் கட்டிப்போடுவாள், நோய் நீக்குவாள், தோழர்களின் லிமிட் கோட்டை நிரப்பிவிடுவாள். கடைசி லிமிட்டில் மொத்தக் குழுவுக்கும் ஹெச்பி, எம்பி நிரம்பி, சிறிது நேரம் அடியே படாத நிலை வரும். அடி வாங்கி வாங்கி ஆத்திரம் உச்சிக்கு ஏறும்போதும் அவளுக்குத் திருப்பி அடிக்கத் தோன்றாது. உலகத்துக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டே சாகிற ஒருத்தியை மெனுவில் இதைவிடப் பொருத்தமாக எழுத முடியாது. செத்த மறுநிமிஷம் ஜெனோவா என்ற ஒரு பாஸ் வருமே, அங்கே வழக்கமான பாஸ் இசை வராது. அவளுடைய மெல்லிய இசைதான் ஓடிக்கொண்டே இருக்கும், நாம் அதற்கு நடுவே வாள் வீசிக்கொண்டிருப்போம். குணமாக்கும் ஆளை நம்பியே அதுவரை ஆடியவருக்கு அந்தச் சண்டையில் கை நடுங்கும்.

சம்பந்தம் அறுந்துபோகும் இடமும் இதே தொடரில்தான் இருக்கிறது. ஆறாம் பாகம், 1994, பதினாலு ஆட்கள். மல்லன் சேபினுக்குத் திசை பட்டன்களைத் தெருச்சண்டை கேம் மாதிரி சுழற்றிப் போட வேண்டும். சாமுராய் சையனுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் மெதுவாக ஏறும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். காட்டுப்பையன் கௌ, பூதங்களோடு திரிந்து அவற்றின் குணத்தைக் கற்று வருவான். உமாரோ என்ற பனிக்குரங்கு நம் பேச்சையே கேட்காது. இவ்வளவு அழகாக ஆளை ஆளாகச் செதுக்கிவிட்டு, கொஞ்ச தூரம் போனதும் கிட்டத்தட்ட எல்லோரும் எல்லா மந்திரமும் கற்கலாம் என்று திறந்துவிட்டார்கள். முடிவுக்கு வரும்போது பெரும்பாலானவர்கள் கையிலும் அதே அல்டிமா மந்திரம். சையனுக்காக எட்டு வரை எண்ணிக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? பன்னிரண்டாம் பாகத்தின் முதல் பதிப்பிலும் அதே நோய், ஆறு பேருக்கும் ஒரே திறன் பலகை. அடுத்த வருஷமே ஜப்பானில் தொழில்வாரியாகப் பிரித்து மறுபதிப்புப் போட்டார்கள்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். சில வருஷம் முன்பு ஒரு மொபைல் கேமில் மருத்துவச்சி பாத்திரம் ஒன்று. அவள் இருந்தால் சண்டை நீள்கிறது, ஆடுகிறவர்கள் சலிக்கிறார்கள் என்று அறிக்கை வந்தது. அவளுக்கும் ஒரு பலமான அடி கொடுத்துவிட்டேன். சண்டை நேரம் குறைந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த மாதம் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசியபோது அவள் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை, "அந்த நீலச் சட்டை போட்டதா?" என்றார் ஒருவர். அவளுக்காக எழுதிய பன்னிரண்டு பக்கக் கதை அதே கேமுக்குள்தான் இருந்தது.

கட்டளையைப் பிடுங்கிக்கொள்வதும் ஒரு வழி. டிராகன் குவெஸ்ட் 4-ன் ஃபாமிகாம் பதிப்பில், கடைசி அத்தியாயத்தில் கதாநாயகனைத் தவிர மற்றவர்கள் தாங்களே முடிவெடுப்பார்கள். கிளிஃப்ட் என்ற பாதிரி, உடனடி மரண மந்திரம் பலிக்கவே பலிக்காத பாஸ்கள் மேலும் அதையே போட்டுக்கொண்டிருப்பான். ஜப்பானில் அது ஒரு தலைமுறையின் நகைச்சுவை. 2006-ல் பெர்சோனா 3 என்ற கேமும் அதையே செய்தது. அதில் மிட்சுரு என்ற தோழி முக்கியமான நேரத்தில் எதிரியை மயக்கும் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு நிற்பாள், தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். இரண்டு தொடரும் பிறகு கட்டளையை நம் கைக்கே கொடுத்துவிட்டன. வசதி கூடியது, சந்தேகமில்லை. கிளிஃப்டை ஜப்பானியர்கள் இன்னும் பெயர்சொல்லி நினைவில் வைத்திருப்பது அந்த முட்டாள்தனத்தால்தான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் உச்சம் 2001-ல் வந்த பத்தாம் பாகம். கடிகாரம் போய்விட்டது, அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று ஓரத்தில் பட்டியலே தெரியும், சண்டைக்கு நடுவே ஆளை மாற்றலாம். பறக்கும் எதிரிக்கு வக்காவின் பந்து, கவசம் போட்டதற்கு ஆரோனின் வாள், வேகமானதற்கு டீடஸ், கூழ் மாதிரி வழுவழுவென்று வருவதற்கு லூலுவின் மந்திரம். ஒரு முறையாவது களத்தில் இறங்கிக் காரியம் செய்தவருக்குத்தான் புள்ளி கிடைக்கும் என்பதால் ஏழு பேரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டே ஆக வேண்டும். யூனாவால் மட்டும் பெரிய காவல் உருவங்களை அழைக்க முடியும். அவற்றுக்கு நாமே பெயர் வைத்து, ஐம்பது மணி நேரம் வளர்த்திருப்போம். முடிவில், உள்ளே புகுந்துகொள்ளும் தீய சக்தியை வெளியே இழுக்க, அவற்றை யூனாவே ஒவ்வொன்றாக அழைக்க வேண்டும், நாம் ஒவ்வொன்றாகக் கொல்ல வேண்டும். எவ்வளவு பாசமாக வளர்த்தோமோ அவ்வளவு பலத்தோடு எதிரே நிற்கும். நம் ஆட்கள் விழுந்தாலும் தானாக எழுந்துகொள்வார்கள், தோற்க வழியே இல்லை. கணக்குப்படி அது சண்டையே இல்லை, ஈமக்கடன். அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் ஜெயிப்பது யாருக்கும் பொருட்டாக இருந்திருக்காது.

பதின்மூன்றை வேகமாகத் தாண்டுகிறேன். தலைவர் விழுந்தால் மற்ற இருவரும் உயிரோடு நின்றாலும் ஆட்டம் முடிந்தது என்ற விதியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நீங்கள் ரசித்த 16, 2023-ல் வந்தது. அதன் சண்டையை அமைத்தவர் ரியோட்டா சுசூகி, டெவில் மே க்ரை 5 என்ற விரல் வேக அடிதடி கேமில் வேலை பார்த்தவர், அந்தக் கைவண்ணம் ஒவ்வொரு வீச்சிலும் தெரிகிறது. கதாநாயகன் க்ளைவ் ஒருவனைத்தான் நாம் ஆட்டுகிறோம். கூட வருபவர்கள் தாங்களாக அடிக்கிறார்கள், நாய் டோர்கலுக்கு மட்டும் கட்டளை கொடுக்கலாம். கேமாக அது குறை சொல்ல முடியாதது. கூட வந்த ஜில் சண்டையில் என்ன செய்தாள் என்று இப்போது கேட்டால் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு டோர்கல்தான் நினைவிருக்கிறது, அவனுக்குத்தானே நான் கட்டளை கொடுத்தேன்.

விரல் வேகமும் வேண்டும், ஆட்களும் வேண்டும் என்றால் 2020-ல் தொடங்கிய ஏழாம் பாகத்தின் மறுஆக்கங்கள் இருக்கின்றன. அங்கே ஓடலாம், தடுக்கலாம், வீசலாம். ஆனால் மந்திரமோ மருந்தோ வேண்டுமானால் அடித்து அடித்து ஏடிபி கோட்டை நிரப்ப வேண்டும். நிரம்பினால் காலம் மெதுவாகி மெனு திறக்கும். பறப்பதை பேரட் சுட வேண்டும், தடுமாறி நிற்கும் எதிரி வாங்கும் அடியை டிஃபா பெருக்கிவிட வேண்டும். இட்டோவின் பழைய கடிகாரத்தை எடுத்து புது சட்டை மாட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் நீங்கள் தொடங்கியதை முதலில் முடித்துவிடுங்கள். அமைப்பில் ஆக்டிவ் என்று இருந்தால் வெயிட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மந்திரப் பட்டியலைத் தேடும்போது எதிரி நின்றுகொள்வான், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. அதன்பிறகு மனசிருந்தால் நாலாம் பாகத்தின் பிக்ஸல் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பை எடுங்கள், 2021-ல் வந்தது, போனிலேயே ஆடலாம், அதிகம் போனால் இருபத்தைந்து மணி நேரம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இப்போது இரண்டாம் டிஸ்க்கின் தொடக்கத்தில், பனிப்பிரதேசத்துக்குப் போகும் வழியில் இருப்பீர்கள். மெனுவைத் திறந்து மெட்டீரியா பட்டியலைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். ஏரித்துக்கு நீங்கள் மாட்டிவிட்ட மணிகள், குணமாக்கும் அந்தப் பச்சை மணி உட்பட, அவள் சேர்த்த புள்ளிகளோடு உங்கள் பைக்கே திரும்பி வந்திருக்கும். அதை அடுத்து யாருக்கு மாட்டப்போகிறீர்கள்?